உங்களுக்குத் தெரியுமா? ‘ஸ்லிம்மிங் டீ’க்குள் நெல்லைச் சீமை இலை!

‘தொப்பை காலி’ என்று விற்கும் மூலிகை டீ பாக்கெட்டைத் திருப்பி, பொடி எழுத்தைப் படியுங்கள். ‘சென்னா’ என்று இருக்கிறதா? தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் விளையும் நிலாவரைதான் அது. உலக மருந்துச் சந்தையில் இதன் பெயரே ‘டின்னவெல்லி சென்னா’!

மலச்சிக்கலுக்கு இது நல்ல மருந்து, சந்தேகமே இல்லை. இதிலுள்ள சென்னோசைடுகளைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் உடைத்து மாற்ற, அப்படி உருவாகும் பொருள் குடலை முடுக்கிவிடும். ராத்திரி குடித்தால் காலையில் வேலை முடிந்துவிடும். ஆனால், சாப்பிட்ட சோற்றின் கலோரிகள் அதற்கு முன்பே, சிறுகுடலிலேயே பெரும்பாலும் உடம்பில் சேர்ந்துவிடுகின்றன. வெளியேறுவது நீரும் உப்புச் சத்துகளும்தான். எடை மெஷின் குறைத்துக் காட்டுவது அதனால்தான், கொழுப்பு அசைவதில்லை. ‘டீடாக்ஸ்’ என்ற பேச்சும் அப்படியே. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் சும்மாவே பார்க்கின்றன.

‘மூலிகைதானே, என்ன செய்துவிடும்?’ என்று மாதக்கணக்கில் குடிப்பவர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. பொட்டாசியம் குறையும், தசை தளரும், இதயத் துடிப்பே தடுமாறலாம். டாக்டரைக் கேட்காமல் ஒரு வாரத்துக்கு மேல் குடிக்க வேண்டாம். கர்ப்பிணிகளும், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களும் முதல் கப்புக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.