பட்டறையில் உரசாத சக்கரம் மலையில் உரசுவது ஏன்?

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் போனால் 18. கம்பம் பள்ளத்தாக்கில் வசிக்கும் மாணவர்களுக்கு இவை புதிதல்ல. பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்து வளைவுகளை எண்ணியிருப்பீர்கள். அடுத்த முறை வளைவுகளோடு வண்டியின் முன் சக்கரங்களையும் கவனியுங்கள். அந்தச் சிறிய இடத்தில் எவ்வளவு கணக்கு நடக்கிறது என்று இப்போது பார்ப்போம்.

நமக்கு உதாரணமாக ஓர் அம்பாசடர் காரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாகக் கொண்டு, வங்காளத்தில் உத்தர்பாராவில் 1950-களின் இறுதி முதல் 2014 வரை தயாரிக்கப்பட்ட கார் இது. ஒரு காலத்தில் நம் ஊர் வாடகைக் கார் நிறுத்தங்களில் இதுதான் வரிசையாக நிற்கும். இப்போது பழைய கார்ப் பிரியர்கள் இதை வாங்கிப் புதுப்பிக்கிறார்கள். சிலர் அதோடு நிற்பதில்லை. கார் தரையோடு படிந்து ஓடினால் அழகு என்று எண்ணி அதன் உயரத்தைக் குறைக்கிறார்கள், அகலமான டயர்களையும் மாட்டுகிறார்கள். பட்டறையில் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தால் எதுவும் உரசுவதில்லை. மலையில் மூன்றாவது வளைவுக்குள் 'கர்ர்' என்று சத்தம் கேட்கிறது! ஏன்?

முதலில் டயரைப் பார்ப்போம். டயரின் பக்கவாட்டில் 165/80 ஆர் 15 என்பது போல எழுதியிருப்பார்கள். 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது, டயரின் பக்கச் சுவர் அந்த அகலத்தில் 80 சதவீத உயரம் கொண்டது என்பதைக் குறிக்கும். 15 என்பது உள்ளே இருக்கும் இரும்புச் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். இனி நீங்களே கணக்குப் போடலாம். பக்கச் சுவர் 132 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு சுவர்கள், 264. பதினைந்து அங்குலம் 381 மி.மீ. கூட்டினால் டயரின் மொத்த விட்டம் 645 மி.மீ. இதே கணக்கை 205/65 ஆர் 15 டயருக்குப் போட்டால் 647.5 வருகிறது. விட்டத்தில் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். அதனால்தான் "சைஸ் ஒன்றுதான்" என்று ஏமாறுகிறோம். அகலத்தில் 40 மி.மீ. கூடிவிட்டது. உட்புறம் 20, வெளிப்புறம் 20.

சக்கரம் நேராக நிற்கும்போது இந்த 20 மி.மீ. பெரிதாகத் தெரியாது. திருப்பும்போதுதான் தெரியும். டயரின் ஆரம் சுமார் 32 செ.மீ. அதை 35 பாகை திருப்பினால் அதன் முன் விளிம்பு பக்கவாட்டில் ஏறக்குறைய 18 செ.மீ. நகர்கிறது. பின் விளிம்பும் அதே அளவு எதிர்ப்பக்கம் நகர்கிறது. வலப்பக்கம் திருப்பும்போது வலது சக்கரத்தின் முன் விளிம்பு மட்கார்டை நோக்கி வெளியே வரும், பின் விளிம்பு சேஸிஸை நோக்கி உள்ளே போகும். அந்த வழியில் பிரேக் குழாய் இருந்தால்? சேஸிஸ் உரசினால் சத்தம் கேட்கும். ரப்பர் குழாய் உரசினால் சத்தமே கேட்காது. அது மெல்ல மெல்லத் தேயும். மலை இறக்கத்தில் பிரேக்கை நம்பி வரும் வண்டியில் இது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு முன் சக்கரங்களும் ஒரே அளவு திரும்புகின்றன என்று நினைக்கிறீர்களா? இல்லை. வளைவின் உட்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் போகின்றன. ஆகவே உட்சக்கரம் அதிகம் திரும்ப வேண்டும். அம்பாசடரின் முன்பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம் சுமார் 2.46 மீட்டர். முன் சக்கரங்கள் திரும்பும் முளைகளுக்கு நடுவே 1.3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சக்கரம் 5.4 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் போக வேண்டுமானால், உட்சக்கரம் 35 பாகையும் வெளிச்சக்கரம் 27 பாகையும் திரும்ப வேண்டும்.

பழைய குதிரை வண்டிகளில் இந்தச் சிக்கல் இல்லை. வேறொரு சிக்கல் இருந்தது. முன் அச்சு முழுவதுமே நடுவில் உள்ள ஒரே முளையில் சுழலும். அதனால் சக்கரங்கள் வண்டிக்கு அடியில் பெரிய இடத்தை அடைத்துக்கொள்ளும். வண்டியின் உடல் உயரமாகவே இருந்தாக வேண்டும். ஜெர்மனியில் மியூனிக் நகரைச் சேர்ந்த வண்டித் தொழிலாளர் லாங்கன்ஸ்பெர்கர் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி முளை அமைத்தார். அவருக்காக இங்கிலாந்தில் 1818-இல் காப்புரிமை பெற்றவர் ருடால்ஃப் ஆக்கர்மன். கண்டுபிடித்தவர் ஒருவர், பெயர் மற்றவருக்கு! இன்றும் இதை ஆக்கர்மன் அமைப்பு என்றே சொல்கிறோம்.

சரி, பட்டறையில் உரசாதது மலையில் உரசுவதன் காரணத்துக்கு வருவோம். பட்டறையில் கார் காலியாக, சமதளத்தில், அசையாமல் நிற்கிறது. மலை இறக்கத்தில் ஆட்கள் அமர்ந்திருக்கிறார்கள், ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார், மூக்கு தாழ்கிறது. ஆட்களோடு சேர்ந்து காரின் எடை 1,400 கிலோ, அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் என்று கொண்டால், வினாடிக்கு வினாடி 3 மீட்டர் வீதம் வேகம் குறையும்படி பிரேக் போடும்போது ஏறத்தாழ 100 கிலோ சுமை பின் சக்கரங்களிலிருந்து முன் சக்கரங்களுக்கு மாறுகிறது. வளைவில் உடல் வெளிப்பக்கம் சாய்வதால் வெளிச்சக்கரத்தின் மீது இன்னும் அழுத்தம் கூடுகிறது. மட்கார்டு டயரை நோக்கி இறங்குகிறது. முன்பே 5 செ.மீ. தாழ்த்தப்பட்ட காரில் இறங்குவதற்கு இடம் ஏது?

உரசலைவிட மோசமான ஒரு விளைவும் உண்டு. இதைப் புரிந்துகொள்ள ஒரு சோதனை செய்யுங்கள். 30 செ.மீ. நீளத்தில் ஓர் அட்டைப் பட்டையும் 40 செ.மீ. நீளத்தில் ஒன்றும் வெட்டுங்கள். ஒரு பெரிய அட்டையில் செங்குத்துக் கோடு வரைந்து, அதன் மேல் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டையும் குண்டூசியால் குத்துங்கள். இரண்டையும் கிடைமட்டமாக வைத்து, நுனிகளை 5 செ.மீ. உயர்த்துங்கள். நுனிகள் கோட்டை நோக்கிச் சற்று நகரும். சிறியது 4.2 மி.மீ., பெரியது 3.1 மி.மீ. வித்தியாசம் ஒரு மி.மீ.தான். இப்போது அங்கிருந்து இன்னும் 5 செ.மீ. உயர்த்துங்கள். சிறியது 13 மி.மீ., பெரியது 9.6 மி.மீ. நகரும். வித்தியாசம் மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிட்டது! பிதகோரஸ் தேற்றத்தைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சிறிய பட்டையைச் சக்கரத்தைத் தாங்கும் கை என்றும் பெரியதை டை ராடு என்றும் நினைத்துக்கொள்ளுங்கள். காரைத் தாழ்த்தினால் இரண்டும் கிடைமட்டத்தை விட்டுச் சாய்ந்த நிலையிலேயே நிற்கின்றன. அதன் பிறகு சக்கரம் ஒரு குழியிலோ மேட்டிலோ ஏறி இறங்கும்போது, இரண்டும் வெவ்வேறு அளவு நகர்ந்து, ஓட்டுநர் தொடாமலே சக்கரத்தைத் திருப்பிவிடுகின்றன. ஓட்டுநர்கள் "ஸ்டீயரிங் பிடுங்குது" என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எப்படிச் சரி செய்வது? எங்கே உரசுகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மட்கார்டின் உட்புறத்தில் களிமண் உருண்டைகளை ஒட்டி, ஆட்களை ஏற்றி, மெதுவாக ஓட்டிப் பார்த்தால், நசுங்கிய உருண்டை இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். அம்பாசடரின் முன்புறத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. ஈரத் துணியைப் பிழிவது போல முறுக்கப்படும் ஓர் எஃகுத் தண்டுதான் ஸ்பிரிங். தண்டின் நுனிப் பற்களை மாற்றிப் பொருத்தி உயரத்தைப் பழையபடி ஏற்றலாம். முறுகிய தண்டில் பெரும் ஆற்றல் அடங்கியிருப்பதால் இது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை, நீங்கள் கை வைக்கக் கூடாது. பழைய அகலத்துக்கே டயரை மாற்றுவது அடுத்தது. மட்கார்டு விளிம்பை உள்பக்கம் மடித்தால் சில மில்லிமீட்டர் கிடைக்கும். சக்கரத்துக்குப் பின்னால் தகடு வைத்து வெளியே தள்ளுவது நல்ல வழியல்ல. உள்ளே உரசியது வெளியே உரசும், பேரிங்குக்கும் சுமை கூடும்.

சிலர் சுலபமான வழி என்று, ஸ்டீயரிங் முழுவதும் திரும்பாதபடி முட்டு போல்ட்டில் வாஷர் போட்டுவிடுகிறார்கள். உரசல் நின்றுவிடும், உண்மைதான். உட்சக்கரம் 35 பாகைக்குப் பதில் 30 பாகைதான் திரும்பும் என்று வைத்து மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். வட்டத்தின் ஆரம் 5.4 மீட்டரிலிருந்து 6.1 மீட்டராகிவிடும். விட்டத்தில் கிட்டத்தட்ட 1.4 மீட்டர் அதிகம். அகலமான நெடுஞ்சாலை வளைவில் இது தெரியாது. ஏலத் தோட்டத்துக்குப் பிரியும் குறுகலான பாதையில், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், எதிரே ஜீப் என்ற நிலையில் அந்த 1.4 மீட்டருக்கு எங்கே போவது? பின்னோக்கி எடுத்துத்தான் திருப்ப வேண்டும். 1960-களில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் 7.6 மீட்டர் விட்டத்திலேயே சுற்றிவிடும். வடிவமைப்பாளர்கள் அவ்வளவு பாடுபட்டுக் கொடுத்ததை ஒரு வாஷரால் இழக்கலாமா?

உயரத்தை எப்படி மாற்றினாலும், டை ராடு மீண்டும் தாங்கும் கைக்கு இணையாக இருக்கிறதா என்று பார்த்து, சக்கர நேர்மையையும் சரிபார்க்க வேண்டும். சட்டமும் இதில் தலையிடுகிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறிப்போகும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது.

உங்களுக்கு ஒரு கணக்கு: 185/70 ஆர் 15 டயரின் மொத்த விட்டம் என்ன? 165/80 டயரைவிட அது ஒவ்வொரு பக்கமும் எத்தனை மி.மீ. தள்ளி நிற்கும்?