தேயிலை ஒப்பாத மண்

நுவரெலியா மாவட்டத்தில் வலப்பனைப் பக்கம் ரூபஹா என்றோர் ஊர் இருக்கிறது. தேயிலையும் மரக்கறியும் விளையும் மலைநாட்டில் மண் ஆராய்கிறவர்கள் இந்த ஊரைத் தேடிப் போவதற்கு ஒரு கல்தான் காரணம். தோட்டத்து மலைகளுக்கு அடியில் பெரும்பாலும் கிடப்பது நைஸ், சார்னோக்கைட், கொண்டலைட் போன்ற பழம்பாறைகள். ரூபஹாவில் சிறிய ஒரு பரப்பில் மட்டும் சர்ப்பன்டைன் தலைகாட்டுகிறது. பச்சையும் கருமையும் கலந்த கல். தடவினால் சோப்புக்கட்டி போல வழுக்கும்.

இது பிறந்த விதமே வேறு. பூமியின் மேலோட்டுக்குக் கீழே இருப்பது மூடகம். மூடகத்துப் பாறையில் மக்னீசியமும் இரும்பும் நிறைய. கல்சியம், பொட்டாசியம், அலுமினியம் எல்லாம் மிகக் குறைவு. நிலத்தட்டுகள் மோதும்போது அதில் ஒரு துண்டு மேலே தள்ளப்பட்டு, பிளவுகளில் நீர் புகுந்தால், ஒலிவின் என்ற கனிமம் அந்த நீரை விழுங்கி சர்ப்பன்டைனாக மாறுகிறது. நீர் கல்லில் ஊறி நிற்பதில்லை, கனிமத்தின் கட்டமைப்பிலேயே சேர்ந்துவிடுகிறது. எடையில் ஏறத்தாழ 13 சதவீதம் நீர்தான். இந்தக் குடும்பத்துக் கனிமம் ஒன்று மலையகத்தாருக்கு ஏற்கெனவே பழக்கம்: கூரைக்குப் போடும் அஸ்பெஸ்டஸ் சீட்டில் இருக்கும் வெள்ளை நார், சர்ப்பன்டைன் வகையைச் சேர்ந்த கிரைசோடைல். சேலத்தில் வெள்ளைக்கல் வெட்டும் கரடுகளும் இதே மூடகப் பாறை வம்சம்தான்.

கல் எப்படியோ மண்ணும் அப்படி. தோட்டத்தில் இலை வெளுத்தால் மக்னீசியம் குறைவு என்று சொல்லி டொலமைட்டோ கீசரைட்டோ போடுவார்கள். முதிர்ந்த இலையில் நரம்புகளுக்கு இடையே மஞ்சள் ஏறி, நடுவில் பச்சை மட்டும் கூம்பாக மிஞ்சும், அதுதான் அடையாளம். காசு கொடுத்து வாங்கும் அந்தச் சத்து சர்ப்பன்டைன் மண்ணில் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் அங்கே செடி ஏங்கிப்போகிறது. நல்ல விளைநிலத்தில் செடிக்குக் கிடைக்கும் கல்சியம், மக்னீசியத்தைவிட அதிகமாக இருக்கும். இங்கே கணக்குத் தலைகீழ்: மக்னீசியம் பல மடங்கு மிஞ்சி நின்று, வேர் கல்சியத்தை எடுக்கவிடாமல் மறிக்கிறது. இந்த மண்ணுக்குப் பஞ்சம் என்பதைவிட விகிதம் கெட்டது என்பதே சரி. நைதரசன், பொசுபரசு, பொட்டாசியப் பற்றாக்குறை தனி. இத்தனைக்கும் மேலே நிக்கல், குரோமியம், கோபால்ட். சாதாரண மண்ணில் ஒரு கிலோவுக்குச் சில பத்து மில்லிகிராம் நிக்கல் இருந்தாலே அதிகம். இலங்கையின் தென்கரையில் உஸ்ஸங்கொட என்ற சர்ப்பன்டைன் மேட்டில் 6000 மில்லிகிராமுக்கு மேல் அளந்திருக்கிறார்கள்.

தேயிலைக்கு வேறொரு பிடிவாதமும் உண்டு. அதற்குப் புளித்த மண் வேண்டும். அமிலகாரக் குறி (pH) 4.5 முதல் 5.5 வரை இருந்தால் மகிழ்ச்சி. அந்தப் புளிப்பில்தான் அலுமினியம் கரையும். வேறு பயிரின் வேரைக் கருக்கும் அலுமினியத்தைத் தேயிலை உறிஞ்சி முதிர்ந்த இலைகளில் சேர்த்து வைக்கிறது. சர்ப்பன்டைன் மண்ணோ பெரும்பாலும் நடுநிலைப் பக்கம், சில இடத்தில் காரப் பக்கம் சாய்ந்தது. அலுமினியமும் சொற்பம். ஹட்டன் மலையில் ஒரு நூற்றாண்டு நிற்கும் செடியைக் கொண்டுபோய் அதில் நட்டால் அது என்ன பாடுபடும் என்று ஊகிக்கலாம்.

இனி நீர். அதுதான் இந்த மண்ணின் உருவத்தையே தீர்மானிக்கிறது. ஒரே சர்ப்பன்டைன் பாறை, சரிவின் மேலே ஒரு மண்ணையும் கீழே வேறொரு மண்ணையும் பெற்றுப் போடும். மேலே மழைநீர் தடையின்றி வடியும். வடியும்போது மக்னீசியத்தையும் சிலிக்காவையும் கரைத்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது இரும்பு ஒட்சைட்டு. மண் செங்கல் நிறமாகிறது. உஸ்ஸங்கொடவின் சிவப்பு இப்படி வந்ததுதான். கரைந்து போன சரக்கு கீழ்ச்சரிவில், நீர் மெதுவாக வடியும் இடத்தில் தேங்குகிறது. அங்கே மக்னீசியமும் சிலிக்காவும் மறுபடி கைகோத்து ஸ்மெக்டைட் என்ற களிமண்ணாகின்றன. நனைந்தால் வீங்கும், காய்ந்தால் வெடிக்கும் களி இது. வீங்கியதும் துளைகள் அடைபடும், நீர் இன்னும் மெதுவாகும், அதனால் இன்னும் களி உருவாகும்.

மண்ணியலில் வடிகாலை ஏழு தரமாகப் பிரிப்பார்கள். சதுப்பும் இல்லை, நல்ல வடிகாலும் இல்லை என்று இடையில் தள்ளாடும் மண் அதில் ஐந்தாவது தரம். மழைக்காலத்தில் சில வாரம் ஈரம் மேல்மட்டம் வரை ஏறி நிற்கும், பிறகு இறங்கும். முழங்கை ஆழம் தோண்டினால் இதை அறியலாம். சாம்பல் அல்லது பச்சை கலந்த மண்ணில் ஆங்காங்கே துருப்பிடித்த புள்ளிகள். காற்றில்லாத நாட்களில் இரும்பு நிறமிழந்து கரைகிறது, வறண்டதும் காற்றுப் புகுந்த இடத்தில் துருவாகப் படிகிறது. குழி வெட்டுகிறவர் வந்த நாள் வறண்ட தையாக இருந்தாலும் மழைக்காலத்து நீர் எதுவரை ஏறியது என்று அந்தப் புள்ளிகள் காட்டிக்கொடுத்துவிடும். இந்த ஏற்ற இறக்கத்தில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. இரும்பு, மங்கனீசு ஒட்சைட்டுகள் பிடித்து வைத்திருந்த நிக்கல், அவை கரையும்போது விடுபட்டு வேருக்கு எட்டிவிடுகிறது.

தோட்டங்களில் வடிகாலின் அருமை யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டர் மழை சாதாரணம். கான் எனப்படும் வடிகால் வெட்டும் வேலை அங்கே ஓர் ஆண்டுக் கடமை. கான் தூர்ந்த மலையில் செடி வாடுவதற்கு வெயில் தேவையில்லை. ஆனால் அந்தச் சரிவின் செம்மஞ்சள் மண் இயல்பிலேயே நீரை விடும் மண். களி நிறைந்த சர்ப்பன்டைன் அடிவாரத்தில் அதே கானை வெட்டினால் கரை வீங்கி, வெடித்து, சரிந்து விழும்.

இலங்கையில் சர்ப்பன்டைன் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. உடவளவைப் பக்கம் கினிகல்பெலஸ்ஸ, இந்திகொலபெலஸ்ஸ. வஸ்கமுவ காட்டுக்குள் யுதகனாவ. 2010இல் தேசியப் பூங்காவான உஸ்ஸங்கொட. புல்கூட ஏங்கி வளரும் வெளிக்கு ஊரார் காரணம் தேடாமல் இருப்பார்களா? உஸ்ஸங்கொட இராவணனின் விமானம் இறங்கிய இடமாகிவிட்டது. யுதகனாவவோ துட்டகைமுனு–எல்லாளன் போரோடு சேர்ந்துகொண்டது. எனக்கு இந்தக் கதைகள் பிடிக்கும். அந்த நிலம் மற்ற நிலம் போலில்லை என்று ஆய்வுகூடம் வருவதற்கு வெகுகாலம் முன்பே கண்டவர்களின் பதிவு அவை.

நியூ கலிடோனியாவிலும் கியூபாவிலும் இம்மண்ணில் மட்டுமே வாழும் தாவரங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. நியூ கலிடோனியாவில் ஒரு மரத்தின் பாலே நிக்கலால் நீலப்பச்சையாக வடிகிறது. இலங்கையில் அந்த விசித்திரமெல்லாம் இல்லை. நிஷாந்த ராஜகருணாவும் புரூஸ் போமும் 2002இல் வெளியிட்ட ஆய்வில் நிக்கலை மிகுதியாகச் சேர்ப்பவையாக அகப்பட்டவை நம் முற்றத்துச் செடிகள்: விஷ்ணுகிரந்தி, ஓரிதழ்த்தாமரை போன்றவை. சாதாரணமாக ஒரு கிலோ உலர்ந்த இலையில் 10 மில்லிகிராம் நிக்கல்கூட இருக்காது. இவற்றில் 1000ஐத் தாண்டியது. தேயிலை அலுமினியத்தைச் சேர்ப்பதுபோல இவை நிக்கலைச் சேர்க்கின்றன. பூச்சிகளை விரட்டவே என்று ஒரு விளக்கம் உண்டு. இவை நாட்டு வைத்தியத்தில் பொடியாகவும் கசாயமாகவும் போகும் மூலிகைகள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஓரிதழ்த்தாமரை எந்த மண்ணில் பிடுங்கியது என்று எந்த நாட்டு மருந்துக் கடைக்காரரும் கேட்பதில்லை.

தோட்டத்து ஓரமாகவோ ஊருக்குள்ளோ இப்படியொரு துண்டு நிலம் ஒருவர் கையில் இருந்தால், பழக்கத்தில் டொலமைட் மூட்டையை அவிழ்க்கக் கூடாது. அதிலும் மக்னீசியம் கலந்திருக்கிறது. அதோடு காரத்தன்மையையும் ஏற்றிவிடும். இந்த மண் கேட்பது ஜிப்சம். அது காரத்தை ஏற்றாமல் கல்சியத்தை மட்டும் தந்து, களியில் ஒட்டியிருக்கும் மக்னீசியத்தை இடம்பெயர்க்கும். பெயர்ந்த மக்னீசியம் வெளியேற வழி வேண்டும் என்பதால், களியில் கான் நிற்காத இடத்தில் மண்ணை அணைத்து மேட்டுப்பாத்தி கட்டுவது முதல் வேலை. கூடவே சாணமும் கூட்டெருவும். நிக்கல் மட்டும் இவை எதற்கும் மண்ணைவிட்டுப் போகாது. அங்கே கீரையும் மூலிகையும் போடாமல், விறகுக்கோ வேலிக்கோ மரம் வைப்பது நல்லது.