மீனம்பாக்கம் – பலாலி: 355 கிலோமீட்டர்

சென்னை மீனம்பாக்கத்துக்கும் யாழ்ப்பாணம் பலாலிக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 355 கிலோமீட்டர். சென்னைக்கு மதுரை இதைவிடத் தொலைவு.

1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் பயணத்தை இந்தத் தடத்தில்தான் தொடங்கியது. இரத்மலானையில் கிளம்பிய டக்கோட்டா விமானம் காங்கேசன்துறையில் இறங்கி, மதராஸ் வந்து சேர்ந்தது. பலாலி ஓடுபாதையை அன்று அந்தத் துறைமுகத்தின் பெயரால்தான் அழைத்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை போட்ட பாதை அது. இலங்கையிலிருந்து வடக்கே பறந்த அந்த விமானத்துக்குச் 'சீதாதேவி' என்று பெயர் சூட்டியவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும். டக்கோட்டாவில் இருபத்துச் சொச்சம் பேர் போகலாம். மணிக்கு 270 கிலோமீட்டர் என்று கொண்டால், மதராசிலிருந்து பலாலிக்கு வானத்தில் ஒரு மணி இருபது நிமிடம்.

பணமில்லாதவர்களுக்குப் போட் மெயில் இருந்தது. எழும்பூரில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடிக்க வேண்டும். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து போனது. எண்பதுகளில் அதுவும் நின்றது.

பிறகு இலங்கையில் உள்நாட்டுப் போர். பலாலி படைத்தளமாயிற்று, இந்தியாவிலிருந்து அங்கே நேரே செல்லும் பயணிகள் விமானம் இல்லாமல் போனது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போக வேண்டியவர் முதலில் கொழும்புக்குப் பறந்தார்: சுமார் 645 கிலோமீட்டர். வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால் அந்த வழி கிட்டத்தட்ட யாழ்ப்பாணத்தின் தலைக்கு மேலாகவே போகிறது. போக வேண்டிய ஊரைத் தாண்டிப் பறந்து கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்காவில் இறங்கி, தரைவழியாகச் சுமார் 400 கிலோமீட்டர் வடக்கே திரும்பி வர வேண்டும். அந்தத் தரைவழியும் எப்போதும் திறந்திருக்கவில்லை. 1990இல் நின்ற ரயில் யாழ்ப்பாணத்தை மறுபடி எட்டியது 2014 அக்டோபரில். ஒன்றரை மணிப் பயணம் ஒரு முழு நாளானதில் எஞ்சினின் குற்றம் எதுவும் இல்லை.

2019 அக்டோபரில் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் ஏரின் ஏடிஆர் விமானம் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது. நாலு மாதத்தில் கொரோனா. 2022 டிசம்பரில் சேவை மீண்டும் தொடங்கியது; 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. ஏடிஆரில் எழுபது பேர் போகலாம். வேகமும் டக்கோட்டாவைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் ஓடுபாதையில் ஊர்கிற நேரத்தையும் சேர்த்து அட்டவணையில் போட்டிருப்பது ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி வரை. எழுபத்தைந்து ஆண்டுகளில் கடிகாரத்துக்குக் கிடைத்த லாபம் அவ்வளவுதான். குறுகிய தூரத்தில் வேகம் பெரிதாக எதையும் சாதிப்பதில்லை. கொழும்பைச் சுற்றாமல் போக முடிகிறதே, அதுதான் லாபம். இழந்ததில் தலைமன்னார்க் கப்பல் திரும்பவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023இல் தொடங்கிய கப்பல் நின்று நின்று ஓடுகிறது.

சென்னையில் காலைச் சிற்றுண்டி சாப்பிட்டவர் மதியச் சோற்றுக்கு யாழ்ப்பாணத்தில் இருக்கலாம். அவர் இறங்குகிற ஓடுபாதையைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கு ஊர்களிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் இன்னும் தம் காணிக்குத் திரும்பவில்லை.