பொம்மைக் காசில் ஓடிய கார்கள்

பந்தயத்தில் பேர் வாங்கிய காரைத்தான் பொம்மை செய்து விற்பார்கள். 1970-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இது தலைகீழாக நடந்தது. ‘ஹாட் வீல்ஸ்’ பொம்மைக் கார்களைத் தயாரிக்கும் மேட்டல் நிறுவனம், டான் ப்ரூடோம், டாம் மெக்யூவன் என்ற இரு டிராக் பந்தய ஓட்டுநர்களுக்குப் பணம் கொடுத்து நிஜக் கார்களை ஓடவிட்டது. ப்ரூடோமின் பட்டப்பெயர் பாம்பு. அவரோடு மோதவென்றே மெக்யூவன் கீரி ஆனார். பாம்புக்கு மஞ்சள் நிற பிளிமத் பாரகூடா, கீரிக்குச் சிவப்பு நிற பிளிமத் டஸ்டர். அந்த ஆண்டே இரண்டும் 1/64 அளவில், ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் தடத்தோடு கடைக்கு வந்தன. பழைய டிராக் கார் மாடல்களைச் சேகரிப்பவர்களிடம் இந்த ஜோடிக்கு இன்றும் மவுசு குறையவில்லை.

டிராக் பந்தயத்தில் வளைவே கிடையாது. இரண்டு கார்கள், நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர். பாம்பும் கீரியும் ஓட்டிய அன்றைய ‘ஃபன்னி கார்’ வகை இந்தத் தூரத்தை ஏறத்தாழ 7 விநாடியில் கடந்தது. இது எத்தனை வேகம்? 402 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு காரைத் தள்ளிவிடுவோம். காற்றின் தடையே இல்லையென்றாலும் அது தரையைத் தொட 9 விநாடி ஆகும். தலைகுப்புற விழும் காரை, தரையில் ஓடும் கார் 2 விநாடி முந்திவிடுகிறது!

பொம்மைக்கு இன்ஜின் இல்லை. புவியீர்ப்புதான் அதற்குப் பெட்ரோல். 1968-இல் வந்த முதல் ஹாட் வீல்ஸ் கார்கள் மற்ற பொம்மைகளை ஓரங்கட்டியதற்குக் காரணம், மெல்லிய கம்பியாலான அச்சும், உராய்வு குறைந்த பிளாஸ்டிக் பேரிங்கும். ஆனாலும் அசலை அதனால் எட்ட முடியாது. 402 மீட்டரை 64-ஆல் வகுத்தால் சுமார் 6.3 மீட்டர். தூரம் 64 மடங்கு சுருங்கினாலும் ஈர்ப்பு சுருங்குவதில்லை. அதனால் நேரத்தை 64-ஆல் அல்ல, அதன் வர்க்கமூலமான 8-ஆல்தான் வகுக்க வேண்டும். அசலின் 7 விநாடி, பொம்மை உலகில் 0.9 விநாடி. பொம்மையோ 6.3 மீட்டர் செங்குத்தாக விழுவதற்கே 1.1 விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். தடத்தை எவ்வளவு சரித்து வைத்தாலும் தோல்விதான்.

அசலுக்கு அந்த வலு நைட்ரோமீத்தேன் என்ற எரிபொருளிலிருந்து வருகிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ போதும், ஏனென்றால் அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் பெட்ரோலைவிட ஆற்றல் குறைவுதான். ஆனால் ஒரே அளவு காற்றைக் கொண்டு பல மடங்கு எரிக்கலாம் என்பதால், கடைசியில் இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் கிடைக்கிறது.

வலு இருந்து என்ன, டயர் வழுக்கினால்? ஈர்ப்பை மிஞ்சி முடுக, காரின் எடையைவிட அதிகமான பிடிப்பு தரையில் கிடைக்க வேண்டும். கிளம்புமுன் சக்கரத்தை நின்ற இடத்தில் சுழற்றிப் புகை கிளப்புவது வெறும் வேடிக்கைக்காக அல்ல. சூடேறிய ரப்பர்தான் தரையைக் கவ்வும். பின் சக்கரத்தின்மேல் எடையை ஏற்றிப் பிடிப்பைக் கூட்ட 1965-இல் கிரைஸ்லர் பொறியாளர்கள் இன்னொரு வழி கண்டார்கள். பின் அச்சையே 15 அங்குலம், முன் அச்சை 10 அங்குலம் முன்னே தள்ளிவிட்டார்கள். கோணல்மாணலாக நின்ற அந்தக் கார்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் வைத்த பெயர்தான் ‘ஃபன்னி கார்’. 1/25 அளவு மாடலில் பின் சக்கரம் ஒன்றரை சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், தயாரித்தவரைத் திட்டாதீர்கள்.

நீண்டு மெலிந்த ‘டிராக்ஸ்டர்’ வகை டிராக் காரின் மாடல் என்றால் நான் முதலில் பார்ப்பது ஓட்டுநர் இருக்கை எங்கே என்பதைத்தான். 1970 மார்ச் 8 அன்று லயன்ஸ் பந்தயத் தடத்தில், இன்ஜினுக்குப் பின்னால் அமர்ந்திருந்த ஓட்டுநர் டான் கார்லிட்ஸின் காலடியில் கியர் பெட்டி வெடித்தது. வலது பாதத்தின் ஒரு பகுதி போயிற்று. அடுத்த ஆண்டே இன்ஜினை முதுகுக்குப் பின்னால் வைத்த ‘ஸ்வாம்ப் ராட் 14’ காரோடு வந்து வின்டர்நேஷனல்ஸ் போட்டியை வென்றார். சில ஆண்டுகளில் எல்லோரும் அவர் வழிக்கு மாறினார்கள்.

நிஜப் பந்தயத்தில் மட்டுமல்ல, சேகரிப்பவரின் அலமாரியிலும் டயர்தான் தொல்லை. நாமே ஒட்டிக் கட்டும் 1960, 70-களின் பிளாஸ்டிக் கிட்டுகளில் டயர் மிருதுவான வினைல். சக்கரமும் உடலும் பாலிஸ்டைரீன். வினைலை மிருதுவாக்கக் கலந்த எண்ணெய்ப்பசை காலப்போக்கில் வெளியே கசிந்து, பாலிஸ்டைரீனை இளக்கி அரிக்கிறது. பிரிக்காத பழைய பெட்டிக்குத்தான் விலை அதிகம். அதற்குள்ளேயே டயர் கண்ணாடிப் பாகத்தின்மேல் கிடந்து பள்ளம் பறித்திருக்கக்கூடும். வாங்குகிறவருக்கு வெளியிலிருந்து தெரியாது. பிரித்த கிட் என்றால் டயர்களை மட்டும் தனிப் பாலித்தீன் பையில் போட்டு வைக்கிறார்கள். கட்டி முடித்த காரில் டயருக்கும் சக்கரத்துக்கும் நடுவே மெல்லிய அலுமினியத் தாளைச் சுற்றிவிடுகிறார்கள்.