பிறையும் பண்டிகையும்

மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரைக்குச் சென்றவர்கள் அறிவார்கள். இருளர் மக்கள் குடும்பம் குடும்பமாக மணலில் தங்கிக் கன்னியம்மனை வழிபடுவார்கள். விடியற்காலையில் அங்கேயே விவாகங்களும் நடைபெறும். 2025-ம் வருஷத்தில் அவ்விழா மார்ச்சு 12-ந் தேதி வந்தது. மறுநாள் சூரியன் அஸ்தமித்ததும் உலகெங்குமுள்ள யூதர்கள் பூரீம் பண்டிகையைத் தொடங்கினார்கள். பாரசீகத்தில் தங்கள் குலத்தையே அழிக்க முயன்ற ஆமான் என்னும் மந்திரியின் சூழ்ச்சி எஸ்தர் ராணியால் முறிந்த கதையைப் படித்துக் களிக்கும் நாள் அது.

இந்த நெருக்கத்திற்குக் காரணம் சந்திரன். யூதருடைய மாதம் பிறையோடு பிறக்கிறது. பன்னிரண்டு மாதங்களுக்கு ஏறக்குறைய 354 நாட்களே ஆவதால், 19 வருஷங்களில் ஏழு முறை ஒரு மாதத்தை அதிகமாகச் சேர்த்துச் சூரியனோடு இணங்கிப் போகிறார்கள். நம் தெலுங்கச் சகோதரர்களின் அதிக மாஸமும் இத்தகைய உபாயமே. அம்மாதம் வரும் வருஷத்தில் பூரீம் பங்குனிக்குத் தள்ளிப் போவதுண்டு.

2025-ல் நவராத்திரியின் முதல் நாள் மாலையில் அவர்களுடைய 5786-ம் வருஷம் பிறந்தது. அப்புதுவருஷத்திற்கு மேளமில்லை, ஆட்டுக்கடாவின் கொம்பை ஊதுகிறார்கள். பத்தாம் நாள் பாவ நிவர்த்தி உபவாசம், தண்ணீரும் அருந்தலாகாது. கடவுளுக்குச் செய்த பிழை அன்று நீங்கும். அயலானுக்குச் செய்த பிழையோ அவனைச் சமாதானப்படுத்தினாலன்றி நீங்காது என்பது அவர்கள் சாஸ்திரம். வக்கீல் தொழில் பார்த்த நமக்கு இவ்விதி மிகவும் பிடித்திருக்கிறது. வாதி இல்லாமல் ராஜி ஏது?

ஐந்து நாள் கழித்துக் கூடாரப் பண்டிகை. வனாந்தரத்தில் அலைந்த முன்னோரை நினைத்து, தழை வேய்ந்த பந்தலில் ஏழு நாள் உண்கிறார்கள். கூரையினூடே நட்சத்திரம் தெரிய வேண்டுமாம்! சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்தில் ஓட்டை ஓலையின் கீழ் உறங்கியவனுக்கு இது புதிதல்ல. மாடி வீட்டாருக்கே இந்தப் பாடம். அப்பண்டிகை முடிந்ததும் மழைக்காகப் பிரார்த்திக்கிறார்கள். எந்த மழை? கொச்சியில் வாழ்ந்தாலும் போலந்தில் வாழ்ந்தாலும், தாங்கள் கண்ணால் காணாத பாலஸ்தீனத்தின் மாரிக்காலத்தைக் கருதியே அதைச் செய்துவந்தார்கள். நாட்டை இழந்தவர்கள் அதன் பருவங்களை மட்டும் இழக்க மறுத்தார்கள்.

யவன மன்னன் அசுத்தப்படுத்திய ஆலயத்தை மீட்டதற்காக எட்டு நாள் விளக்கேற்றுகிறார்கள். வசந்த காலப் பௌர்ணமியில் பஸ்கா. எகிப்தில் அடிமைகளாயிருந்தவர்கள், மாவு புளிக்கவும் நேரமின்றிப் புறப்பட்டதால், அந்நாட்களில் புளித்த அப்பம் வீட்டில் இருக்கலாகாது. வீட்டின் கடைசிப் பிள்ளை, இந்த இரவு ஏன் வேறுபட்டதென்று கேட்க வேண்டும். பெரியவர்கள் விடையளிக்க வேண்டும். தானே எகிப்திலிருந்து வெளியேறியதாக ஒவ்வொருவனும் எண்ணவும் வேண்டும். பாட்டன் அடைந்த விடுதலையைப் பேரன் இப்படி ஆண்டுதோறும் கேட்டுப் பெறுகிறான். நம் பிள்ளைகள் ஆகஸ்டு 15-ந் தேதி நம்மிடம் என்ன கேட்கிறார்கள்? மிட்டாய் கேட்கிறார்கள்.

பஸ்காவிலிருந்து ஐம்பதாம் நாள், கோதுமை அறுவடையும் சீனாய் மலையில் வேதம் பெற்றதும் சேர்ந்த திருநாள். பிறகு துக்க நாள்: எருசலேம் ஆலயத்தைப் பாபிலோனியரும், கி.பி. 70-ல் ரோமரும் அழித்ததற்காக உபவாசமிருந்து தரையில் அமர்ந்து புலம்புகிறார்கள். 2025-ல் அது ஆகஸ்டு 3-ந் தேதி, நாம் புதுப்புனலைக் கொண்டாடிய ஆடிப்பெருக்கன்று வந்தது.

இப்பண்டிகைகள் தமிழ் நாட்டிற்கு அந்நியமானவையல்ல. பதினேழாம் நூற்றாண்டில் பவழமும் வைரமும் வியாபாரம் செய்ய யூதர்கள் சென்னைக்கு வந்தார்கள். 1688-ல் தொடங்கிய நகரசபையின் ஆல்டர்மன்களிலும் இருந்தார்கள். ஆனால் அவர்களுடைய பொதுத் தொழுகைக்கு வயது வந்த ஆடவர் பத்துப் பேர் கூட வேண்டுமென்பது பழைய விதி. வியாபாரம் தேய்ந்தது, பத்துப் பேரும் கலைந்தார்கள். கொச்சியில் 1568-ல் கட்டிய ஜெபாலயம் இன்னும் நிற்கிறது. 1948-க்குப் பின் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்ததால், உள்ளூர் யூதர்களை விரல் விட்டு எண்ணலாம். சென்னையில் பவழக்காரத் தெருவென்ற பெயரும், லாயிட்ஸ் ரோட்டில் எபிரேய எழுத்துக்கள் பொறித்த சில கல்லறைகளும் இருக்கின்றன.