தூண்டில் போடாத ஓடை

எங்கள் வீடு அம்பலாந்தோட்டைப் பக்கம். வளவை கங்கை கடலோடு சேரும் இடத்தில் வாப்பா ஓய்வு நாட்களில் தூண்டில் போடுவார். அதனால் டிசம்பர் விடுமுறையில் ஹோர்டன் சமவெளிக்குப் போவதென்று முடிவானதும், அவர் வானில் முதலில் ஏற்றியது தூண்டில் தடியைத்தான். "அங்க ஓடையில ட்ரவுட் மீன் இருக்காம், மகள்" என்றார்.

நுழைவாயிலிலேயே அந்த ஆசை முடிந்தது. 1988இல் தேசியப் பூங்காவான அந்த இடத்தில் மீன் பிடிக்க முடியாது. தடி வானிலேயே கிடந்தது. உம்மா கட்டி வந்த சோற்றுப் பொதிகளின் பொலித்தீனையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

கடல் மட்டத்திலிருந்து 2100 மீற்றருக்கு மேலே உள்ள இந்தப் புல்வெளியில் சுற்றுப்பாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர். காலை பத்து மணிக்குள் உலக முடிவுக்குப் போய்விட வேண்டும் என்பார்கள். நாங்கள் பிந்திவிட்டோம். பள்ளத்தாக்கு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பனிமூட்டம் மட்டுமே இருந்தது. தம்பி அழாத குறை.

எனக்கு ஓடைதான் பிடித்தது. மரைகள் மேயும் புல்லுக்கு நடுவே, கல்லுக்குக் கல் தாவி, தேயிலைச் சாய நிறத்தில் ஓடுகிறது. ட்ரவுட் இந்த ஓடைக்குச் சொந்தமான மீன் அல்ல. பிரித்தானியர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தங்கள் தூண்டில் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று மலைநாட்டு ஓடைகளில் வாழும் வானவில் ட்ரவுட்டின் தாயகம் பசுபிக் கடலோர வட அமெரிக்கா. குளிர்ந்த, ஒட்சிசன் நிறைந்த நீர் கிடைத்ததால் இங்கும் பிழைத்துக்கொண்டது. ஆனால் அது நீர்ப்பூச்சி, வாற்பேய், சிறு இறால் எல்லாவற்றையும் உண்ணும். உலகில் வேறெங்கும் இல்லாத கரிடினா சிங்கலென்சிஸ் என்ற சிறிய இறால் வாழ்வதும் இதே சமவெளி ஓடையில்தான். உயிரியல் படிக்கும் எனக்கே அது வரை இந்த இறாலைத் தெரியாது; ட்ரவுட்டைத் தெரிந்திருந்தது.

இதைச் சொன்னதும் வாப்பா, "அப்ப ட்ரவுட்டப் பிடிக்கிறது நல்லந்தானே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் வருகிறவர் எல்லாரும் ஓடைக்குள் இறங்கினால் மிதிபடுவது அந்த இறாலும்தான்.

பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சியில் நின்றபோது வழியை விளக்கினேன். இந்த பெலிஹுல் ஓயா மலையிலிருந்து இறங்கி, சமனலவெவ நீர்த்தேக்கத்தில் வளவையோடு சேர்ந்து, உடவளவ வழியாக எங்கள் ஊருக்கு வருகிறது. வாப்பா கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார். பிறகு, பாறை இடுக்கில் யாரோ செருகிவிட்டுப் போயிருந்த பிஸ்கட் உறையை எடுத்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.