விடுதி அறையின் காற்று

மைசூர் சாமுண்டி மலையருகே நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1921இல் எழுப்பிய லலித மகால் மாளிகை, 1974இல் விடுதியாயிற்று. அக்கால மாளிகைகளில் உயர்ந்த கூரையும் அகன்ற சாளரங்களும் காற்றோட்டத்திற்குத் துணைபுரிந்தன. இந்நாளைய விடுதி அறைகளோ குளிர்சாதனத்திற்காக அடைக்கப்பட்டு, ஒட்டுப்பலகைகளால் அழகு செய்யப்படுகின்றன. அப்பலகைகளின் பசையிலிருந்து பார்மால்டிஹைடு வாயு கசியக்கூடும். வெப்பமும் ஈரமும் மிகுந்தால் கசிவும் மிகும். கண்ணெரிச்சல் தரும் இவ்வாயு, புற்றுநோய்க்கும் காரணமாகும். அரைமணிச் சராசரி கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு.

காற்றோட்டத்தை அறியக் கரியமில வாயுவை அளக்கலாம். வெளியில் அது பத்து லட்சத்தில் ஏறக்குறைய 420 பங்கு. ஆட்கள் தங்கிய அறையில் 1,000 பங்கைத் தாண்டினால் காற்றோட்டம் போதாதெனக் கொள்ளலாம். ஆயினும், அது குறைந்திருப்பதனாலேயே பலகை தீங்கற்றதென முடிவு செய்தல் தவறு. இரண்டையும் தனித்தனியே அளத்தல் வேண்டும். புதிய அறையின் மணம் தூய்மைக்குச் சான்றன்று. புதுப் பலகை புகுந்த பழைய மாளிகையும் இச்சோதனைக்கு விலக்கன்று.